உட்கார்ந்து பிடிப்பவள்

கடையின் ஜன்னல் பலகையை இறக்கி, அடுப்பை அணைத்து, அணைந்ததா என்று இன்னொரு முறை குனிந்து பார்த்து, கழிப்பறைக்குப் போய்வந்து, கொண்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கி முடிந்த பிறகுதான் மத்தீலே அத்தை பாயை விரிப்பாள். உட்கார்ந்துவிட்டால் எழ மாட்டாள். ஊர்ப் படகு பவளத்திட்டைத் தாண்டிப் பந்தயத்துக்குப் போனாலும் சரி, ஆண்கள் தேவாலயத்தின் மேல் ஏறித் தகரம் மாற்றினாலும் சரி, வேலை முடிகிற வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு சம்மணமிட்டு இருப்பாள். பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது, சிரிப்பு கிடையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அதுவாகச் சலித்துப் பறந்து போக வேண்டியதுதான்.

"அவனுங்க தூக்கட்டும். நான் இங்கேருந்து புடிச்சிக்கிறேன்" என்பாள்.

ஸவாயி தீவில் எங்கள் ஊர் வைலோத்தோவில், கஷ்டமான வேலை என்றால் பாதிப் பேர் செய்வார்கள், பாதிப் பேர் உட்காருவார்கள். அந்த உட்காருவதும் வேலைதான். செய்கிறவன் கை வழுக்கினால், உட்கார்ந்தவர்களில் யாரோ ஒருவர் மனதை வேறெங்கோ விட்டுவிட்டார் என்று பொருள். வேலை செய்கிறவர்களைப் பார்த்து ஒருவர் "நல்லா செய்றீங்கப்பா" என்றால், அவர்கள் "நல்லா உக்காந்திருக்கீங்க" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவனை வளர்த்தவர்களுக்கு அவமானம். பேருந்து ஓட்டுகிறவரிடம்கூட இப்படித்தான். நான் ஆக்லாந்துக்கு வந்த முதல் வாரம் பேருந்திலிருந்து இறங்கும்போது, "நல்லா ஓட்டினீங்க" என்றேன். அந்த மனிதர் என்னிடம் பயண அட்டையைக் காட்டச் சொன்னார்.

அத்தைக்கு அகலமான தோள், மேல்வரிசையில் ஒரு தங்கப்பல், காதில் எப்போதும் ஒரு செம்பருத்தி. பூ வாடிவிட்டால், கடைக்கு வந்தவர்களின் காதிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகிக்கொள்வாள். யாரும் கேட்பதில்லை. கடையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. டின் மாட்டிறைச்சி, சோப்பு, தீப்பெட்டி, பிறகு அவள் கையால் பொரிக்கிற வாழைப்பழ உருண்டை.

"அத்தே, இதுல பழம் எங்க?"

"கடிச்சுக்கிட்டே நட. வீட்டுக்குப் போறதுக்குள்ள வந்துரும்."

அவளைச் சிரிக்க வைப்பதுதான் எங்கள் கூட்டத்தின் வாழ்நாள் லட்சியமாக இருந்தது. தேவாலயத்துக்குத் தகரம் மாற்றிய அன்று, போதகரின் பழைய கழுத்துப்பட்டையை ஒரு பன்றிக்குட்டிக்குக் கட்டி, பாய்க்கு முன்னால் நடக்கவிட்டோம். அது போதகரைப் போலவே நின்று நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு மூப்பர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமத் தொடங்கிவிட்டார். அத்தையின் கண் தேவாலயக் கூரையை விட்டு நகரவில்லை. தோற்றுப்போய்த் திரும்பினோம். மறுநாள் அவள் எங்களுக்கு விற்ற உருண்டைகளுக்குள் பழம் இல்லை, உப்பு இருந்தது. நாங்கள் துப்பத் துப்ப, அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"நேத்து அடக்கி வச்ச சிரிப்புடா, இப்பத்தான் வருது."

அப்படிப்பட்டவளும் ஒரு தடவை எழுந்திருக்கிறாள். சுதந்திர தினப் படகுப் பந்தயம். கரையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பாதியில் அவளுக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருப்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் எங்கள் படகின் சுக்கான் துடுப்பு முறிந்து, படகு திட்டில் மோதி, துடுப்பைப் பிடித்திருந்த ஆசோ மாமாவின் தோள் விலகிப் போயிருந்தது.

ஆசோ, அத்தையின் கணவருக்குத் தம்பி. ஆசோவின் மனைவி சியேனி, அத்தைக்கு ஓரகத்தி. மெலிந்த உடம்பு, இடுப்புவலிக்காரி, நாக்கில் மட்டும் எந்த வலியும் இல்லை. அன்றிலிருந்து அவள் வாழைப்பழ உருண்டை வாங்கப் பக்கத்து ஊருக்கு நடந்து போனாள். போகும்போது மத்தீலே அத்தையின் கடை வாசலில் கொஞ்சம் மெதுவாக நடப்பாள்.

"எங்க வீட்டு ஆம்பள தோள விட அக்காவுக்கு எண்ணெய்ச் சட்டி பெருசு" என்று சாலையிடம் சொல்வாள்.

நாங்கள் அத்தைக்காகக் கொதித்தோம். சியேனியின் கோழிகளுக்கு நீலச் சாயம் பூசலாமா என்று கேட்டோம். "வாய மூடுங்கடா. அவ சொல்றதுல என்ன தப்பு? நான் எந்திரிச்சேன்ல" என்று மாவைப் பிசைந்தாள்.

பிறகு கூரை வந்தது.

கடற்கரையில் இருந்த பெண்கள் சங்கத்து வீட்டை அலை அடியோடு அரித்துக்கொண்டிருந்தது. சுவரில்லாத வீடு. தூண்கள், மேலே ஒரு பெரிய தகரக் கூரை, அவ்வளவுதான். ஆனால் அந்த உத்தரத்தில்தான் குழந்தைகளை எடை போடும் தராசு தொங்கும். வைலோத்தோவில் பிறந்த எல்லோரும் அதில் ஒரு தடவை தொங்கி அழுதவர்கள். அடுத்த பெரிய அலைக்கு அது நிற்காது என்று தெரிந்துவிட்டது. பாரந்தூக்கி வண்டி படகில் வருகிறது என்றார்கள், வரவில்லை. தூண்களை அறுத்துவிட்டு, கூரையை முழுசாகத் தோளில் தூக்கிப்போய், மேட்டில் நட்ட புதிய தூண்களின் மேல் வைப்பது என்று ஊர்ச்சபை முடிவு செய்தது. எங்கள் பக்கம் இது புதிதல்ல. தூக்குகிற ஆட்கள்தான் இல்லை. இளவட்டங்களில் முக்கால்வாசி, அத்தையின் கணவர் உட்பட, நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

உட்காருகிறவர்களுக்கு முன்னால் விரிக்கிற முன்பாயில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தபோது சியேனி எழுந்தாள்.

"யாரு வேணா உக்காரட்டும். நடுவுல சமைக்கப் போறவங்க வேணாம்."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஒரு தடவ என்ன உக்கார விடுங்க. பாய் கிழிஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன்."

ஊருக்காகச் சபையில் பேசுகிற தலைவர் துவாலா ஐயா, "சரி, உக்காரு" என்றார். சியேனி விடவில்லை. "அப்ப நான் பின்னாடி உக்காந்து அக்காவப் பாத்துக்கிறேன்."

சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தோம். மூப்பர்கள், பள்ளிக்கூடப் பையன்கள், போதகர் என்று அகப்பட்டவர்கள் எல்லோரும் கூரைக்கு அடியில். குறுக்கே மூங்கில்களைக் கட்டி, குரல் கொடுத்துத் தூக்கினோம். தூக்கினோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். என் உயரத்துக்கு நான் கூரையில் தொங்கினேன் என்பதுதான் சரி. அதனால் சுற்றிலும் பார்க்க வசதியாக இருந்தது. மேட்டில் பாய்கள். முன்பாயில் அத்தை, முதுகு தென்னை மரம் மாதிரி. அவளுக்குப் பின்னால் சியேனி, அந்த முதுகையே முறைத்தபடி.

கூரை நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. இடையில் போதகர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், யாரும் கேட்காதது போல் நடந்தோம். கடைசியில் புதிய தூண்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். இனி ஒரே ஒரு தூக்கு, தலைக்கு மேல் உயர்த்தித் தூண்களில் வைத்துவிட்டால் முடிந்தது. எல்லோரும் மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்தினோம். கூரை தோளை விட்டுக் கையில் ஏறியது.

துவாலா ஐயாவின் தொழிலே பேசுவது. காலையிலிருந்து மேட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் பேசவில்லை. அந்த நொடியில் அவரால் தாங்க முடியவில்லை.

"நல்லா தூக்குறீங்கப்பா" என்றார், மனம் நெகிழ்ந்து.

கூரைக்கு அடியில் இருந்தவர்கள் எல்லோரும் நன்றாக வளர்க்கப்பட்டவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே குரலில், "நல்லா உக்காந்திருக்கீங்க ஐயா" என்றார்கள். சிலர் தலையைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதும் அந்தப் பதிலோடு வெளியே போனது.

கடல் பக்க மூலை சரிந்தது. அந்த மூலையில் இருந்தது ஆசோ மாமா. மூங்கில் ஒன்று பிளந்தது. அவர் ஒரு முழங்காலை ஊன்றி, விலகிச் சேர்ந்த அதே தோளில் உத்தரத்தை வாங்கிக்கொண்டார். அவர் முகம் கறுத்துப் போனது.

"அந்த ஐயாவ யாராச்சும் சும்மா இருக்கச் சொல்லுங்கடா" என்று போதகர் கூவினார்.

மேட்டில் சியேனி பாதி எழுந்துவிட்டாள். மத்தீலே அத்தை திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பாய்க்கு இழுத்தாள்.

"நீ போகாத. உன் இடுப்பு ரெண்டா போயிரும். இங்க உக்காரு, என் எடத்துல."

"நீ எந்திரிக்கக் கூடாதுக்கா. நீ எந்திரிச்சா அவருக்கு..."

"அதுக்குத்தான் சொல்றேன், உக்காரு. அங்கயே பாரு. கண்ண எடுத்தே, உன்ன நானே கொன்னுடுவேன்."

அத்தை உடனே எழவில்லை. சியேனியின் கண் கூரையின் மேல் போய் உட்காரும் வரை தன் கண்ணை எடுக்காமல் இருந்தாள். பச்சைக் குழந்தையை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாற்றும்போது, கழுத்தடியில் இருக்கிற கையைக் கடைசியாகத்தான் எடுப்பார்கள், அதுபோல. பிறகு இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, தலைவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு முன்னாலேயே ஓடி வந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் அப்படி ஓட மாட்டார்கள்.

"ஆசோ, தோள எடு. நான் வந்துட்டேன்."

"அண்ணி, பாய்ல யாரு..."

"பேசாத. பேசித்தான் இந்த கதி."

உத்தரத்துக்கு அடியில் கழுத்தைக் கொடுத்து அவள் நிமிர்ந்தபோது அந்த மூலை அவளோடு சேர்ந்து நிமிர்ந்தது. குரல் கொடுப்பவன் மறுபடி எண்ணினான். மூச்சை இழுத்தோம். மேட்டில் சியேனி கல்லாக உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. கண் சிமிட்டினாளா என்றுகூட எனக்குச் சந்தேகம். துவாலா ஐயா தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தார். கூரை உயர்ந்தது, ஆடியது, தூண்களின் தலையில் பெரிய முனகலோடு உட்கார்ந்தது.

ஆசோ மாமாவின் தோள் வீங்கியிருந்தது, விலகவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒவ்வொருவராக மேட்டுக்குப் போய், முன்பாய்க்கு எதிரில் நின்று, "நல்லா உக்காந்திருந்தீங்க" என்று சியேனியிடம் சொன்னோம். அவள் தலையை மட்டும் அசைத்தாள். சேப்பங்கிழங்கும் டின் இறைச்சியும் சூடான கோகோவும் வந்தன. துவாலா ஐயா எழுந்து தொண்டையைச் செருமியபோது மூன்று பேர் அவருக்கு ஒரே சமயத்தில் கோகோ கொடுத்தார்கள்.

சியேனி மட்டும் பாயிலேயே இருந்தாள். வீம்பு என்று நினைத்தோம்.

"வேலை முடிஞ்சுதுடீ, எந்திரி" என்று யாரோ சிரித்தார்கள்.

"முடியல" என்றாள் மெல்ல. இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் அவளுக்கு உணர்வே இல்லை. எதிரில் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூடாத காலை அவர்களுக்கு நேராக நீட்டுவது எங்கள் ஊரில் அவமரியாதை; அவளுக்குக் காலும் வரவில்லை, மனமும் வரவில்லை.

மத்தீலே அத்தை கோகோவை வைத்துவிட்டு வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது, கழுத்தில் துருவும் ரத்தமும். பாயின் நுனியில் உட்கார்ந்து, சியேனியின் இரண்டு கால்களையும் பற்றி, தலைவர்களின் முகத்துக்கு நேராகவே இழுத்து நீட்டி, அவற்றின் மேல் பாயின் ஓரத்தை எடுத்துப் போர்த்தினாள். பிறகு அதற்கு அடியில் கையை விட்டு, பாதத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.