புயல் நாளில் வேலைக்கு வந்தவள்

தனக்கொடிக்குக் கேள்வி கேட்பது பிறவிக் குணம். எந்த ஊரில் போய் இறங்கினாலும், மூட்டையை அவிழ்க்கும் முன்பே பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பாஷை தெரியவில்லையே என்று தயங்குகிற ஆள் இல்லை. கை இருக்கிறது, மூக்கு இருக்கிறது. புளிச்சக்கீரை போட்டுக் கறி ஆக்குவதை அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

மடுகரைக்காரி ஊர் ஊராகப் போவானேன்? கணவன் அரிகரன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். கதிர் பழுக்கிற ஊருக்கெல்லாம் மெஷின் போகும். வருஷத்தில் ஏழெட்டு மாதம் ஆள் ஊரில் இருக்கமாட்டான். சின்னவள் மகாலட்சுமி, அப்பா என்பவர் போனுக்குள் குடியிருப்பவர் என்றே நினைத்திருந்தாள். அது பொறுக்காமல்தான் இரண்டு வருஷத்துக்கு முன் தனக்கொடி கிளம்பினாள். கையில் லேப்டாப், கூடவே இரண்டு பெண்கள், பெரியவள் வெண்ணிலாவின் பாடப் புத்தகங்கள். பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாடோடிப் பிழைப்பா என்று மாமியார் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

ஆஸ்பத்திரி பில்களை இன்சூரன்ஸுக்காகச் சரிபார்ப்பது தனக்கொடியின் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் எழுதிக் கொடுத்த விலாசத்தில் இருந்துதான் செய்ய வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். இவள் எழுதிக் கொடுத்தது மடுகரை. தெரிந்தால் வேலை போய்விடும். 

போன கார்த்திகையில் தெலங்கானாவில் ஒரு கிராமத்துக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினாள். குழுவில் வேறு யாரையும் காணோம். மடுகரைப் பக்கம் புயல் என்று அவளுக்குத் தெரியும். புயலடித்தால் கரண்ட் போகும் என்பதுதான், பாவம், புத்தியில் ஏறவில்லை. நாற்பது பில் முடித்திருப்பாள், மேலாளர் பிரிட்டோ வீடியோவில் அழைத்தார். அவரும் மடுகரைப் பக்கத்து ஆள்தான், ஒதியம்பட்டுக்காரர். ஆபீஸ் ஜெனரேட்டர் வெளிச்சத்தில், நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“தனக்கொடி, உங்க மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கம்லாம் ரெண்டு நாளா கரண்ட் இல்ல. மரம் வுழுந்து ரோடே மூடிக் கெடக்குது. டீம்ல ஒருத்தரும் வரல. உங்க வூட்ல மட்டும் எப்பிடிம்மா ஃபேன் சுத்துது?”

அவளுக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் வேறு பல்லிளித்தது. தேள் கொட்டிய திருடன் போல விழித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மகாலட்சுமி ஓடிவந்து திரையில் முகத்தை நீட்டினாள்.

“நாங்க மடுகரைல இருக்கோம் சார்.”

யாரும் கேட்காமலேயே, பாட்டு ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டுச் சிரித்தது குழந்தை. சொல்லிக் கொடுத்தது யார்? பெற்றவள்தான். ஐந்து வயசுப் பிள்ளை இத்தனை சுத்தமாகப் பொய் சொன்னதில் தனக்கொடி கூசிப்போனாள். வேலை போகிற பயம்கூட அதற்கு அப்புறம்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: மெஷின், ஊர் ஊராகப் போவது, இரண்டு வருஷம்.

“மேல சொல்லித்தான் ஆவணும்மா,” என்றார் பிரிட்டோ. “இன்னிக்கு வேலைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான். அதையும் சேத்துச் சொல்றன்.”

அன்று முழுவதும் அடுத்தவர்கள் பில்களும் அவள் தலையில் விழுந்தன. சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பதில் வந்தது: வேலையில் தொடரலாம், இனி ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் தெரிவிக்க வேண்டும். தனக்கொடி உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகாலட்சுமியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இனிமேல் யார் கேட்டாலும் இருக்கிற ஊரைத்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

“இது இன்னா ஊரும்மா?”

தனக்கொடி வாயைத் திறந்தாள். இந்த ஊரில் என்ன நெல், என்ன குழம்பு, எருமை எத்தனை படி கறக்கும், எல்லாம் வந்த அன்றே விசாரித்தாயிற்று. பெயரை மட்டும் கேட்கவில்லை. எப்படியும் மடுகரை என்றுதானே சொல்லப்போகிறோம் என்று, இதற்கு முன் தங்கிய ஊர்களிலும் அவள் கேட்டதில்லை.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் போனாள்.