மச்சாளின் லண்டன் படம்

எங்களைப்போலவே கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கும் என் மச்சாள், அதாவது கணவரின் தங்கை, பாரிஸில் ஒரு வாரம் தங்கி, ஒருநாள் ரயிலில் லண்டனுக்கும் போய்வந்து படம் போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதே பயணத்தை நானும் அப்படியே திட்டமிட்டேன். அவளைப் பார்த்துச் செய்வது தெரிந்துவிடும் என்பதால், அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

லண்டன் டிக்கெட் எடுக்க இருந்த நேரத்தில், கணவர் அவளிடம் உளறிவிட்டார்.

“ஓ, நீங்களும் எங்களைப் பாத்துத்தான் போறியளோ?” என்று சிரித்தவள், என்னிடம் திரும்பினாள். “அதுசரி மச்சாள், உமக்கு லண்டன் விசா இருக்கோ?”

“பிரான்ஸ் விசா இருக்குத்தானே?”

“அது லண்டனுக்குச் சரிவராதப்பா. எனக்குக் கனடாப் பாஸ்போர்ட், விசா தேவையில்லை. உம்மட இன்னும் சிலோன் பாஸ்போர்ட் எல்லோ?”

திறந்து வைத்திருந்த டிக்கெட் பக்கத்தை மூடினேன். கணவருக்கும் கைக்குழந்தையான மகளுக்கும் கனடாப் பாஸ்போர்ட்தான். பாரிஸ் ரயில் நிலையத்திலேயே என்னை மட்டும் மறித்திருப்பார்கள்; குழந்தை என்னைப் பார்த்து அழுதிருக்கும்.

லண்டனைக் கைவிட்டு, பாரிஸுக்குப் பக்கத்திலேயே வெர்சாய் அரண்மனையைப் பார்த்துவந்தோம். இப்போதெல்லாம் பயணம் என்றால் முதலில் என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறேன். பிறகு மச்சாளிடமும் கேட்கிறேன். அவளுடைய லண்டன் படத்துக்கு மட்டும் இன்னும் லைக் போடவில்லை.