உச்சிப் பாறையில் என் மாமியார்

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம் நார்த்தாமலையில் வாழ்க்கைப்பட்டேன். ரிசர்வ் காட்டுக்குள் மொட்டையாக நின்ற அந்த உச்சிப் பாறையில் ஏறியே தீருவது என்று எனக்குப் பிடிவாதம். மாமியார் விடவில்லை. ஒருநாள் காலை, வாய்ச்சண்டை முற்றியதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

“ஏய், நில்லுடி!” என்று திட்டிக்கொண்டே அவரும் பின்னால் ஏறிவந்தார்.

கடைசிச் சரிவில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். “போதுங்க அத்தை, எறங்கிருவோம்” என்றேன்.

“இம்புட்டுத் தூரம் வந்துட்டு எறங்குறதா? தள்ளு அங்கிட்டு!”

என்னைத் தாண்டி, கையை ஊன்றி ஏறி, என்னையும் மேலே இழுத்துவிட்டார்.

“நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?”

காட்டினேன். சுண்டுவிரல் நகமளவு தெரிந்தது. அத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இத்துனூண்டு வீட்டுக்குள்ளயா இம்புட்டுச் சண்டை போட்டோம்?”

அதற்குப் பிறகும் சண்டை போட்டோம். ஆனால் குரல் ஏறும்போதெல்லாம் எங்களில் ஒருவர் மலையைத் திரும்பிப் பார்த்துவிடுவார். அப்புறம் எங்கே சண்டை போடுவது?