கால் வைத்த பள்ளிவாசலும் இப்ராஹிம் பாயும்

இதை நான் எழுதலாமா என்று தெரியவில்லை. பாய்க்கு உறவு இல்லை, அந்த மார்க்கத்தைச் சேர்ந்தவளும் இல்லை... தவறென்றால் மன்னியுங்கள்.

இப்ராஹிம் பாய் இன்று காலை இறந்துவிட்டார். குன்னம் ரோட்டில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தவர்.

தம்பிதான் போனில் சொன்னான். "மதியத் தொழுகை முடிஞ்சு அடக்கம். நீ கெளம்புனாலும் வந்து சேர முடியாதுக்கா."

கூடவே இன்னொன்றும். "பழைய பள்ளியப் பிரிச்சுட்டு கான்கிரீட்ல கட்டப் போறாங்க. பாய்தான் இவ்ளோ நாளா வுடாம புடிச்சிட்டிருந்தாரு. இந்த வெள்ளிக்கெழம தொழுகையோட சரி."

பாய் குடும்பம் உட்பட, பர்மாவிலிருந்து கப்பலில் வந்த சில குடும்பங்கள் எழுபதுகளில் கட்டிய பள்ளி அது. மரத்தூண், பலகைத் தரை, தகரக் கூரை. மினார் கிடையாது.

பர்மாவில் வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்திக் கட்டுவார்களாம். அதே பழக்கத்தில், வானம் பார்த்த பூமியான எங்கள் ஊரிலும் தூண்கள்மேல் தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

ஊரே சிரித்தது. என் அப்பா கடையில் வைத்தே கேட்டார். "குடிக்கவே தண்ணி இல்ல. எந்த வெள்ளத்துக்கு பாய் காலு வெச்சீங்க?"

"வரட்டும், அப்ப நீ எங்க ஏறி நிக்கிறேன்னு பாக்குறேன்," என்றார் பாய்.

வெள்ளம் வரவில்லை. தரைக்கடியில் ஆடுகள் படுத்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் நானும்...

எங்கள் வீடு ஒற்றை அறை. பி.ஏ. பரீட்சைக்கு அந்த நிழலில்தான் படித்தேன். கேட்கக் கூச்சம், கேட்காமலே போய் உட்கார்ந்தேன். பாய் பார்த்துவிட்டு, ரோட்டுப் பக்கம் சாக்கைக் கட்டி மறைத்துவிட்டார்.

பெண்பிள்ளை இங்கே உட்காருவதா என்று யாரோ மேலே கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆடு படுக்கலாம், படிக்கிற புள்ள உக்காரக் கூடாதா?" இது பாய் குரல். பிறகு பலகைமேல் காலடிச் சத்தம் மட்டும்.

ரிசல்ட் வந்த அன்று கடைக்குப் போய்ச் சொன்னேன். "எங்க பள்ளியும் சேந்துதான் பாஸாயிருக்கு பாப்பா. உக்காரு, டீ குடி."

இந்நேரம் அடக்கம் முடிந்திருக்கும். நான் ஓசூரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரைக் கூப்பிடுவது, என்னவென்று சொல்வது...

தூண்களைக் கரையான் அரித்துவிட்டது, கூரை ஒழுகுகிறது என்கிறான் தம்பி. உண்மையாகத்தான் இருக்கும்.

போய் வாருங்கள் பாய்.

ஜமாத்தில் யாராவது இதைப் படித்தால்... இடிக்காதீர்கள் என்று சொல்ல நான் யார். நாற்பதாம் நாள் பாத்திஹா வரைக்கும் மட்டும் பிரிக்காமல் வைத்திருப்பீர்களா? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.