உப்பில்லாமல் காய்ந்த மீன்

ஒரு மனிதர் சொன்ன உண்மையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பொய்யை எழுதினேன். அது பிடிபட்டபோது பழியை அவர் தலையிலேயே போட்டேன். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், முப்பது வருடங்களுக்கு முன், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் நடந்தது இது. அவர் சொன்னது உண்மைதான் என்று எனக்குத் தெரியவந்தது மூன்று வருடங்களுக்கு முன், நோர்வேயின் வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில்.

அந்த நாட்களில் லாச்சப்பலில் எனக்கு 'மாஸ்டர்' என்று பெயர். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவன், பிரெஞ்சும் எழுதுவேன். புதிதாக வந்து சேரும் எங்கள் ஆட்கள் அகதி விண்ணப்பத்துக்குக் கேஸ் எழுதுவிக்க என்னிடம்தான் வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் எழுதுவேன். எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் முறை.

ஒரு நாள் மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர் வந்தார். மனைவியையும் மூன்று வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர். கப்பல் ஒன்றில் ஒளிந்து வந்ததாகவும், இயந்திரம் பழுதாகிக் கப்பல் வடக்கே ஒரு சிறு துறைமுகத்தில் கிடந்ததாகவும், அங்கே மீன் காயவிடும் வேலை செய்ததாகவும், பிறகு லொறியேறிப் பாரிசுக்கு வந்ததாகவும் சொன்னார்.

"உப்பே போடேல்லை மாஸ்டர். பனிக்காத்திலை சும்மா தொங்கவிடுறாங்கள். கோயில் கூரை மாதிரி மரச்சட்டம். புழுக்கிறேல்லை, நாறுறேல்லை. தலையை மட்டும் தனியாக் கட்டி ஆபிரிக்காவுக்கு அனுப்புறாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொளுத்துகிற வெயிலிலும் உப்புப் போடாவிட்டால் கருவாடு புழுத்துவிடும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"ஐசே, பனிக்குள்ளை கருவாடோ? உதை எழுதினால் வெள்ளைக்காரன் உம்மை அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவான்" என்றேன். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்தத் துறைமுகத்தை விட்டுவிட்டேன். எல்லோருடைய கேஸிலும் எழுதும் விமானப் பாதையையே அவருடையதிலும் எழுதினேன். கடையில் சனம் காத்திருந்தது. அன்று மட்டும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினேன்.

விசாரணையில் அவர் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்று, வாயில் இன்னொன்று. நிராகரித்துவிட்டார்கள்.

கடிதத்தோடு கடைக்கு வந்தார். "மாஸ்டர், நான் சொன்னதைத்தானே எழுதினனீங்கள்?"

ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓம்" என்றேன். "நீர்தான் அங்கை போய் மாத்திக் கதைச்சிருக்கிறீர்."

அந்த ஒரு 'ஓம்' அவருக்குப் பதினொரு வருடம். அவ்வளவு காலமும் வதிவிட அனுமதிக் காட் இல்லாமல், களவாக வேலைசெய்து ஒளிந்து வாழ்ந்தார். மூன்று வயதில் விட்டுவந்த மகளை அடுத்தமுறை பார்த்தபோது அவளுக்குப் பதினான்கு. நானோ அந்தக் கருவாட்டுக் கதையைப் பகிடியாகப் போகுமிடமெல்லாம் சொன்னேன். லாச்சப்பல் அவருக்கு 'வடதுருவம்' என்று பட்டம் வைத்தது. கொஞ்ச நாளில் அவரை மறந்தும் போனேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஏப்ரலில், என் மகள் என்னைக் கப்பற் பயணம் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். நோர்வேக் கரையோரமாக வடக்கே போய்த் திரும்பும் எட்டு நாள் பயணம். வாயில் நுழையாத பெயருள்ள சிற்றூர்களில் எல்லாம் கப்பல் நிற்கும். ஓர் ஊரில் ஒரு வெளிச்சவீடும் பத்துப் பன்னிரண்டு வீடுகளும்தான். கப்பலைப் பார்க்க ஒரு கிழவி வீட்டுச் செருப்போடு வந்து, கை காட்டிவிட்டுப் போனாள். இன்னோர் ஊரில் மலைகளைக் கடலுக்குள் நட்டு வைத்ததுபோல் இருந்தது. அடிவாரம் என்று ஒன்றே இல்லை, தண்ணீரிலிருந்து நேராக வானத்துக்குப் போயின. உச்சியிலிருந்து கரைவரை வெள்ளைவெளேரென்று பனி. கரையில் கால் ஊன்றிய சிவப்பு மரவீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. எழுபது வயதைத் தாண்டியவன், மேல்தளத்தில் வாயைத் திறந்தபடி நின்றேன். "அப்பா, தொப்பியைப் போடுங்கோ" என்று மகள் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தாள். தமிழில் அவள் தவறாமல் சொல்வது இந்த மாதிரிக் கட்டளைகளைத்தான். மற்றதெல்லாம் பிரெஞ்சு.

ஐந்தாம் நாள் காலை இறங்கிய ஊர் அதையும்விடச் சிறியது. ஒரு தெரு, ஒரு கடை. தெருமுனையில் திரும்பினேன். அங்கேயே கால் நின்றுவிட்டது.

எதிரே கோயில் கூரைகள். சுவரில்லாத, கூரை மட்டுமான மரச்சட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கடல்வரை. அவற்றில் ஓட்டுக்குப் பதிலாக மீன்கள். இரண்டிரண்டாக வாலில் கட்டி, ஆயிரக்கணக்கில் தொங்கின. காற்று அடித்தபோது காய்ந்தவை ஒன்றோடொன்று மோதி மரச்சத்தம் கேட்டது. கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். நாறவில்லை. கடல்காற்றின் மணம்தான் வந்தது.

அங்கே வேலைசெய்த மனிதரிடம், எவ்வளவு உப்புப் போடுவீர்கள் என்று மகளைக் கொண்டு கேட்பித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உப்பு எதற்கு, காற்று இருக்கிறதே என்றார். மீனை உறையவும் விடாமல் அழுகவும் விடாமல் வைத்திருக்கும் அளவான குளிர் அந்தக் கரைக்கு வாய்த்திருக்கிறதாம். அப்பால் ஒரு சட்டத்தில் தலைகள் மட்டும் கோத்துத் தொங்கின. அவை எங்கே போகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகள் தானாகவே கேட்டாள். "நைஜீரியாவுக்காம், அப்பா" என்றாள்.

அந்த மரச்சட்டத்தின் கீழ் நின்று அழுதேன். குளிரில் கண் கலங்குகிறது என்று மகள் நினைத்தாள். அந்த ஊர்க் கடையில் காய்ந்த மீன் ஒன்று வாங்கினேன். மீதி மூன்று நாளும் மலைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பாரிஸ் திரும்பியதும் அவரைத் தேடினேன். சொந்தப் பெயர் சொல்லிக் கேட்டபோது லாச்சப்பலில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், கூசிக்கொண்டு, அந்தப் பட்டத்தைச் சொன்னேன்.

"ஓ, வடதுருவமோ! உதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார் மரக்கறிக் கடைக்காரர். பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருக்கிறார் என்று கட்டடத்தையும் சொன்னார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். நான் மீனை மேசையில் வைத்தேன். அவர் எடுத்து முகர்ந்தார், விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இது போன வருசத்தது, மாஸ்டர். இந்த வருசத்தது இன்னும் கம்பிலைதான் தொங்கும்."

மீன் விற்ற நோர்வேக் கடைப் பெண்ணும் எனக்கு அதைத்தான் சொல்லியிருந்தாள்.

செய்ததைச் சொன்னேன். மாற்றி எழுதியதை, வாசித்துக் காட்டாததை, அந்த 'ஓம்'ஐ. அவர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். பிறகு ஒரு பிள்ளை அந்தப் பைலை எடுத்து எனக்குத் தமிழிலை வாசிச்சுக் காட்டினது."

"அப்ப ஏன் என்னட்டை வந்து கேக்கேல்லை?"

"வந்து? நீங்கள் இன்னொருக்கா ஓம் எண்டிருப்பியள்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சொல்ல வேண்டாம். மகள் குசினிக்குள்ளை நிக்கிறாள், அவளுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் அதுவும் வடதுருவக் கதைதான்."

அவர் மகள் இப்போது முப்பதைத் தாண்டியவர். கையைத் துடைத்தபடி சமையலறை வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். நான் முடித்தபின், "அப்பா வாயை வைச்சுக்கொண்டு இருக்கத் தெரியாமல் மாத்திக் கதைச்சுத்தான் நாங்கள் தனிச்சுக் கிடந்தம் எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ. நானும் அதை நம்பினன்" என்றார். பிறகு, "உங்களை இருங்கோ எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை" என்றார். நான் நின்றேன்.

மகள் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மீனை வாங்கி முகர்ந்தார்.

"அப்பா, உண்மையா உப்பே போடேல்லையோ?"

"ஒரு கல்லுக்கூட இல்லை" என்று தகப்பன் தொடங்கினார். கப்பல் பழுதான நாளிலிருந்து சொன்னார். அன்று கடையில் நான் சிரித்து நிறுத்திய இடத்தையும் தாண்டிப் போனார். விறைத்துப்போன அவர் கைகளுக்கு அந்த ஊர்க் கிழவி ஒருத்தி கம்பளி உறை பின்னிக் கொடுத்தாளாம். அது எனக்கும் புதிது.

அடுத்த ஞாயிறு, அவர் சொன்னதை எல்லாம் பிரெஞ்சில் எழுதிக் கொண்டுபோனேன். முடிவில், முன்பு பொய் எழுதியவன் நானே என்று சேர்த்திருந்தேன். தமிழில் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் கை காட்டி நிறுத்தினார். "ரெண்டு மாசம் இல்லை மாஸ்டர், ஒன்பது கிழமை." ஒன்பது வாரம் என்று திருத்தினேன். இந்த முறை கையெழுத்து வைத்தது நான். எந்த அலுவலகத்துக்கும் இனித் தேவைப்படாத அந்தத் தாளை மகள் வாங்கி உள்ளே கொண்டுபோனார். இன்றுவரை அவர் என்னோடு கதைப்பதில்லை. தகப்பன் மட்டும் லாச்சப்பலில் கண்டால் நிற்பார்.

இப்போது யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், அந்த மரச்சட்டத்தின் கீழ் அண்ணாந்து நின்றதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்கிறேன்.