குளக்கரையில் பொங்கல் வைக்க ஒரு மனு

செஞ்சிக் கோட்டைக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மனுப் போட்டுவிட்டுப் போனது ஒரே ஒரு தடவை.

ஊரெங்கும் பெயர்ப் பலகைகளில் இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசியிருந்த காலம் அது. நான் ஓய்வு பெற்றுக் கடலூரில் குடியிருந்தேன். என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அறுவை முடிந்து, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு முதன்முதலாக என்னைப் பார்த்தவள், "இன்னாங்க, இப்படிக் கெழவனாயிட்டீங்க?" என்றாள். இடது கண்ணுக்கு ஆவணியில் தேதி போட்டுச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். தள்ளிப் போட்டால் அந்தக் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. ஒரு கண் தெரிந்துவிட்டால், கோட்டைக் குளக்கரையில் பொங்கல் வைத்துவிட்டுத்தான் அடுத்த கண்ணைக் காட்டுவேன் என்று அம்மனிடம் சொல்லியிருந்தாள். அம்மன் கோயில் கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரியின் மேலே இருக்கிறது. ஏற முடியாத பெண்கள் ஆடி வெள்ளிக்கிழமைகளில் மலையடிக் குளத்தின் கரையிலே கல் கூட்டி, அந்தத் தண்ணீரிலேயே உலை வைத்து, மலையைப் பார்த்துப் பொங்கவிடுவார்கள். செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்துப் பெண்களுக்கு இது வழக்கம். என் மனைவி வல்லத்துக்காரி.

ஆனி மாதம் அவளுடைய தம்பி பச்சரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு வந்தான். கோட்டை முன்போல இல்லை, கம்பி வேலி போட்டுவிட்டார்கள், நெருப்பு மூட்டக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள் என்று அவன்தான் சொன்னான்.

"அப்படியானால் பொங்கல் எப்படி வைக்கிறார்கள்?" என்றேன்.

"அதெல்லாம் வைக்கிறாங்க மாமா. வாட்ச்மேன் களஞ்சியத்துக்கு அந்தாண்ட போயி குந்திக்குவாரு. மூணு மணிக்கு வந்து 'இன்னாம்மா, ஆச்சுதா?'ன்னு கேப்பாரு. எலைல கொஞ்சம் பொங்கல் வாங்கினு போயிடுவாரு."

"அனுமதி யார் தருகிறார்கள்?"

அவன் அக்காவைப் பார்த்தான். "பொங்கலுக்கு இன்னாத்துக்கு மாமா அனுமதி? நீங்க ஒண்ணும் எழுதிக்கினு இருக்காதீங்க. பேசாம வாங்க."

முப்பது வருஷம் தாலுகா அலுவலகங்களில் குப்பை கொட்டியவனிடம் 'பேசாம வாங்க' என்று சொல்வது, குடிகாரனைக் கள்ளுக்கடை வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு வரச் சொல்வது மாதிரி. அரசாங்க இடத்தில் அனுமதி இல்லாமல் அடுப்பு மூட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அன்று பிற்பகலே உட்கார்ந்து, கோட்டையைப் பராமரிக்கும் இலாகாவுக்கு மனு எழுதினேன். நல்ல மனு. சும்மா அனுமதி கேட்டால் மறுத்துவிடுவார்கள், முன்மாதிரி காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஆகவே, இந்த வழக்கம் வெகுகாலமாக நடந்துவருகிறது என்றும், இப்போதும் சுற்றுவட்டாரப் பெண்கள் ஆடி வெள்ளிதோறும் அங்கே பொங்கல் வைக்கிறார்கள் என்றும், காவலரும் இதற்கு ஆட்சேபணை செய்வதில்லை என்றும் மூன்று பத்திகளில் நிறுவினேன். வழக்கப்படி முதல் வரியிலிருந்து மனைவிக்குப் படித்தும் காட்டினேன்.

"நம்மள மட்டும் எழுதினா பத்தாதா? அவங்கள எல்லாம் எதுக்கு இழுக்கிறீங்க?" என்றாள்.

"அதுதான் ஆதாரம்" என்றேன்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புதல் அட்டை வந்தது, பதில் வரவில்லை. ஆடி மூன்றாம் வெள்ளி நெருங்கிவிட்டதால் மனுவின் நகலையும் ஒப்புதல் அட்டையையும் பையில் வைத்துக்கொண்டு முதல் நாளே புறப்பட்டு, செஞ்சிக் கடைவீதியில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் மைத்துனன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செஞ்சியில்தான் இருந்தேன். அப்போதெல்லாம் மதிய வேளையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்குப் போய்விடுவேன். அங்கே ஆடுகள் படுத்திருக்கும். கீழ்த்தளத்தில் யாராவது மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயப் போட்டிருப்பார்கள். காவலுக்கு இருக்கும் கிழவி என்னை ஒரு காக்கையைப் போலத்தான் நடத்துவாள். கல்யாணமான வருஷம் மனைவியும் மாமியாரும் குளக்கரையில் பொங்கல் வைத்தபோது, சுள்ளி பொறுக்கிக் கொடுத்தவன் நான். மன்னர்கள் விட்டுப்போன இடத்தை ஊர்க்காரர்கள் புழக்கடையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது கோட்டையாகவே தோன்றியதில்லை.

இப்போது அது கோட்டையாகியிருந்தது. வாசலில் இரும்புக் கதவு. நீலப் பலகையில் மூன்று மொழி, நடுமொழியின் மேல் தார். உள்ளே புல்தரை, அதில் காலை வைக்காதே என்று இன்னொரு பலகை. மகாலுக்குக் குறுக்கே கம்பி. சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் டிரான்சிஸ்டரைப் பாடவிட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஆடு இல்லை, மல்லாட்டை இல்லை. எல்லாம் சுத்தமாக, முறைப்படி இருந்தது. இதைத்தானே நான் வாழ்நாள் பூராவும் ஆதரித்தேன்? ஆனாலும், செத்தவர் வீட்டில் கழுவிவிட்ட தரையில் நிற்பது போல இருந்தது.

குளத்துக்குப் போகும் வழியில் இருபது, இருபத்தைந்து பெண்கள் பானையும் விறகுமாக நின்றிருந்தார்கள். எதிரே காக்கிச் சட்டையில் வாட்ச்மேன், கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். என்னுடைய வேட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"சார், படிச்சவரு மாதிரி இருக்குறீங்க. ஆபீஸ்லேந்து இங்கிலீஷ்ல வந்திருக்குது. பொங்க வுடக்கூடாதுன்னு வந்த ஆளு சொல்லிட்டுப் போனாரு. நான் சொன்னா இதுங்க நம்ப மாட்டேங்குதுங்க. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

வாங்கினேன். எந்த மனுவின் மேல் எழுதப்பட்டது என்று காட்டும் 'பார்வை' என்ற இடத்தில் முதல் வரி: என் பெயர், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர், மனுவின் தேதி. மேற்படி மனுவின் மூலம் தெரியவருவதாவது என்று தொடங்கி, என்னுடைய மூன்று பத்திகளையும் அழகாகச் சுருக்கியிருந்தார்கள். ஆகவே கோட்டைக்குள் நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் இனி ஒருவருக்கும் அனுமதிக்கப்படாது. அசல் மனுதாரருக்கு, நகல் காவலருக்கு. எனக்கு வரவேண்டிய அசல் தபாலில் எங்கேயோ வந்துகொண்டிருந்தது.

நான் இரண்டாவது வரியிலிருந்து படித்தேன். தமிழில், நிதானமாக, ஒரு சொல் விடாமல். முதல் வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

"இத்தினி வருசமா இல்லாம இன்னா திடீர்னு?" என்றாள் வெற்றிலை போட்ட ஒரு பெண்.

"எவனோ ரிடையர்டு ஆளு எழுதிப் போட்டிருக்கானாம்மா. தாளு கொண்டாந்தவரு சொன்னாரு" என்றார் வாட்ச்மேன்.

"பொறம்போக்கு! நாம பொங்க வச்சா அவனுக்கு எங்க எரியுது? அவன் வூட்டு அடுப்புல பூன தூங்க!"

"தூங்கட்டும்டி, குட்டியும் போடட்டும்" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி புதுப்பானையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

நான் தாளை மறுபடி பார்த்தேன். நெருப்பும் சமையலும்தான் தடை. தண்ணீர் எடுப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். வாட்ச்மேன் சந்தோஷமாக வழிவிட்டார். பெண்கள் குடங்களில் மொண்டுகொண்டு வெளியே போய், சாலையோரம் மதில் நிழலில் கல் கூட்டினார்கள். "ஐயா புண்ணியவான்" என்று வெற்றிலைக்காரி என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த வார்த்தையோடு நான் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

மனைவியும் கல் கூட்டினாள், பானையை ஏற்றினாள், தண்ணீர் ஊற்றினாள். ஆனால் தீக்குச்சியை உரசவில்லை.

"மொத வரிய வுட்டுட்டீங்க" என்றாள்.

நான் குனிந்து அடுப்புக் கல் ஒன்றைச் சரிசெய்தேன்.

"எத்தினி கடுதாசி எனக்குப் படிச்சுக் காட்டியிருக்குறீங்க. மொதல்ல யாரு எழுதினதுன்னுதானே வரும்? எனக்குத் தெரியாதா?" குரல் உயரவில்லை. "போயி சொல்லிடுங்க. திட்டுவாங்க. திட்டிட்டு, போவட்டும் வுடுன்னு அந்த வெத்தல போட்ட அம்மா தன் வாயால சொல்லிடும். அப்பறம் நான் பத்த வைக்கிறேன். அடுப்புல பூன தூங்கன்னு சொல்லியிருக்குறாங்க. அத வச்சுக்கினு நான் எப்படிப் பொங்க வுடுறது?"

எழுந்து நடந்தேன். பதினைந்து அடிகூட இருக்காது. வெற்றிலைக்காரி குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவளிடம் எப்படித் தொடங்குவது என்று மனத்துக்குள் வாசகம் கூட்டினேன். எது வந்தாலும் மனு மாதிரியே வந்தது. அப்போது வாட்ச்மேன் இன்னொரு தாளோடு ஓடிவந்தார்.

"சார், எனக்கும் ஒண்ணு வந்திருக்குது. ஏன் தடுக்கலேன்னு வெளக்கம் கேக்குறாங்களாம். வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்? ஒரு பதில் எழுதிக் குடுங்க."

கடவுள் என்னைக் காப்பாற்றினார் என்றுதான் அப்போது நினைத்தேன். மதிலோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவருக்காக அருமையான விளக்கம் ஒன்று எழுதினேன். காவல் எல்லை பெரிது, காவலர் ஒருவரே, கூட்டம் பெண்கள் கூட்டம், இனி கண்டிப்பாகத் தடுக்கப்படும். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் எந்த அதிகாரியும் திருப்தியடைய மாட்டார். வாட்ச்மேனுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு சொல்லை மாற்றினேன், சுத்தப் பிரதி எடுத்தேன். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தலை நிமிர்ந்தபோது பொங்கல் பொங்கிக் குலவை ஓய்ந்திருந்தது. திருவண்ணாமலை பஸ் ஒன்று போக, புழுதி எல்லாப் பானைகளின் மேலும் இறங்கியது. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு மூட்டை கட்டினார்கள். வெற்றிலைக்காரி போகிற போக்கில் என் மனைவியிடம் கேட்டாள்: "இன்னாக்கா, நீ பத்த வைக்கவே இல்லியே?"

"காத்து" என்றாள் மனைவி.

அவர்கள் வண்டியேறிப் போன பிறகு, பானைத் தண்ணீரை ஒரு வேப்பமரத்தடியில் ஊற்றினாள். அரிசியைத் திரும்ப முடிந்தாள். மைத்துனன் வாயைத் திறக்கவே இல்லை. வேறு நாளாக இருந்தால், 'அப்பவே சொன்னேனே மாமா' என்று ஒரு மாதம் பாடியிருப்பான்.

கடலூருக்கு வந்தபோது கதவிடுக்கில் பழுப்பு உறை கிடந்தது. அசல். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"படிங்க."

படித்தேன். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து, என் பெயரோடு. அவள் தலையை ஒருபக்கம் சாய்த்து, தெரிகிற கண்ணை என்மேல் வைத்துக் கடைசிவரை கேட்டாள்.

"மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது" என்றேன். "முப்பது நாளைக்குள் போட வேண்டும்."

"எழுதினீங்கன்னா நான் எங்கூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். பிறகு, "நல்லா படிக்கிறீங்க. அங்க இப்படிப் படிச்சிருக்கலாம்" என்றாள்.

தாளை மடித்து, வழக்கம்போலக் கோப்பில் வைக்க எழுந்தேன். அவள் அலமாரியைத் திறந்து, ஆவணித் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"இதையும் அதிலேயே வச்சுக் கட்டிடுங்க."