வாயில்லாத பாதி

ஜின், பேய், காற்று கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது ஒரு முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே, அதே முகத்தை நானும் பல பேருக்குக் காட்டியிருக்கிறேன், அதனால் கோபமில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கிற கடை என்னுடையது, வீடு சாரம் என்கிற பகுதியில். என் மனைவி ஜரினாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை, அதனால் எங்கள் வீட்டில் ஓடியது நாங்கள் இரண்டு பேருமாக உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான். மூக்கைத் தொட்டால் மீன், கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ, காதைத் திருகினால் என் அம்மா. சண்டை வந்தால் நான் கையை வீசி வீசித் திட்டுவேன், அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், அவ்வளவுதான், அதற்குமேல் நான் யாரிடம் பேசுவது?

வாய் பேசாத பெண்டாட்டி, வீடு அமைதியாக இருக்குமே என்று கேலி செய்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன தெரியும், தன் சத்தம் தனக்குக் கேட்காததால் பாத்திரத்தைப் போடுவதும் கதவைச் சாத்துவதுமாக அவள் தெருவையே எழுப்பிவிடுவாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாரடைப்பில் போய்விட்டாள், கண்ணை நான்தான் என் கையால் மூடினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு அமைதியானது அதற்குப் பிறகுதான், அந்த அமைதியில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சும் நடையும் சீக்கிரம் திரும்பிவிட்டன, இடது கை மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை. செயலிழந்து போயிருந்தால் பரவாயில்லை, நன்றாக வேலை செய்தது, ஆனால் அதன் இஷ்டத்துக்கு. வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டால் இது பின்னாலேயே வந்து கழற்றும், வலது கை மெஷினில் ரெக்சினைத் தள்ளினால் இது பிடித்து இழுக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "மூளை ரெண்டு பாதி பாய். பேச்ச பெரும்பாலும் இடது பாதிதான் பாத்துக்கும், வலது கையும் அதோட பொறுப்பு. முகத்த அடையாளம் கண்டுபிடிக்கிறது, ராகம், இடது கை, இதெல்லாம் வலது பாதியோட வேலன்னு வெச்சுக்கங்க. நடுவுல ஒரு பாலம் இருக்கு, உங்களுக்கு அதுலதான் அடி. அந்தப் பக்கம் நடக்கிறது இந்தப் பக்கத்துக்குத் தெரியல."

"அப்ப அந்தப் பாதிக்கு வாயே இல்லியா டாக்டர்?"

"அப்பிடித்தான்னு வெச்சுக்கங்களேன். போகப் போக சரியாயிடும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே நினைப்பு. எனக்குள்ளேயே ஒருத்தன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எதையும் சொல்ல முடியாமல், இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். என்னைவிடத் தனியாக இருக்கிற ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இடது கை மெல்ல எழுந்து கட்டைவிரலை என் வாய்ப்பக்கம் சாய்த்தது. டீ. நான் நினைக்கவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், டீ நினைப்பே எனக்கு இல்லை. இன்னொரு நாள் மார்க்கெட்டில் நிற்கும்போது மூக்கைத் தொட்டது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன், அவர் முகம் மாறிவிட்டது. "கையால பேசினாலும் அது பேச்சுதான் பாய், அதையும் பெரும்பாலும் இடது பாதிதான் பாத்துக்கும். இந்தக் கை பேசுறது ஆச்சரியமாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஆச்சரியம் எல்லாம் இல்லை, சந்தோஷம்தான். வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. அவள்தானோ என்றுகூட நினைத்தேன், நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. நல்ல மழை, கரண்ட் இல்லை, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் மெத்தையைப் போட்டுப் படுத்திருந்தேன். இடது கை என் நெஞ்சின்மேல் வந்து இரண்டு தடவை அழுத்தியது, அப்புறம் மேலே போய் என் இரண்டு கண்ணையும் மூடியது. எங்கள் பேச்சில் இப்படி ஒரு சைகையே கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கண்ணை நான் மூடினேனே, அது ஒன்றுதான். கூப்பிடுகிறாள், அந்தக் கையாலேயே என்னைக் கொண்டுபோகப் போகிறாள் என்று நினைத்தேன். ஆசைதான் அவள்மேல், அதற்காகச் சாக முடியுமா?

அதற்கப்புறம் படுக்கும்போதெல்லாம் அதே மாதிரி செய்தது. நெஞ்சில் இரண்டு அழுத்தல், கண்மேல் கை. நான் கடையிலிருந்து ரெக்சின் வாரை எடுத்துவந்து அந்தக் கையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன். வாரிலிருந்து விடுபட அது முறுக்கும், நான் அழுவேன்.

கடைசியில் தாங்க முடியாமல் அரியாங்குப்பத்தில் இருக்கிற ஜரினாவின் தங்கை நூரியிடம் போனேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆகவே என் வலது கையால் என் நெஞ்சிலேயே செய்து காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"இது எப்பிடி மச்சான் உங்களுக்குத் தெரியும்? அக்கா காமிச்சாளா?"

"இல்லம்மா."

"காமிச்சிருக்கவும் மாட்டா. நிக்காவுக்கு முந்தி, இருட்டுல போர்வைக்குள்ள நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது இது. அத்தா லாரில போயிடுவாரு, அம்மாவுக்கு ஆஸ்பத்திரில நைட் டூட்டி, கதவுக்குத் தாப்பா சரியில்ல. ஒருத்தி தூங்கினா ஒருத்தி முழிச்சிருக்கணும். அவளுக்குக் காது கேக்காதே தவிர, தரையில உள்ளங்கைய வெச்சிருந்தா யாரு வந்தாலும் தெரிஞ்சிடும். நெஞ்சுல ரெண்டு வாட்டி அழுத்தினா நான் முழிச்சிருக்கேன்னு அர்த்தம். கண்ணு மேல கைய வெச்சா நீ தூங்குன்னு அர்த்தம்."

நான் என் இடது கையைப் பார்த்தேன்.

"பதிலுக்கு நாம அந்தக் கைய ஒரு வாட்டி அழுத்திக் குடுக்கணும் மச்சான். இல்லன்னா கடைசி வரைக்கும் முழிச்சிட்டே கெடப்பா."

இதில் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். அவள் இப்போது வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முப்பது வருஷமாக நான் தூங்கின பிறகு அவள் தினமும் இதைச் செய்திருக்க வேண்டும், நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அந்த வாயில்லாதவனுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எது உண்மையாக இருந்தாலும் நான் ஒரு தடவைகூட அழுத்திக் கொடுக்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அன்று வாரைக் கட்டாமலே படுத்தேன், காத்திருந்தேன், கை அசையவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே சரியாகிவிட்டது, இப்போது பொத்தானைப் போடு என்றால் போடுகிறது, ரெக்சினைப் பிடி என்றால் பிடிக்கிறது. எனக்கும் தூக்கம் வருகிறது. ஆனால் தினமும் காலையில் கண் விழிக்கும்போது அந்தக் கை மெத்தைக்கு வெளியே, உள்ளங்கையைத் தரையில் பதித்தபடி இருக்கிறது. எடுத்து வலது கையால் ஒரு தடவை அழுத்துகிறேன், போதும், நீ தூங்கு என்கிறேன். மறுநாளும் அது தரையில்தான் இருக்கிறது.